டாக்கர்: நேற்று ஓடிய கன்டெய்னர்களை இன்று காணோம், ‘ரீட்-ஒன்லி’ பிழை வேறு

#1 மடிக்கணினிவாசி (இரவு 10:40)

வணக்கம் நண்பர்களே. பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டு சர்வர் 24.04 போட்டிருக்கிறேன். டாக்கரில் (மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ஒரு புகைப்படத் தொகுப்பு மென்பொருள், இரண்டையும் ஓட்டுவதுதான் திட்டம். தரவெல்லாம் /எஸ்ஆர்வி/படங்கள் என்ற அடைவில் இருக்கிறது.

போன வாரம் முதலில் முயன்றபோது இந்தப் பிழை வந்தது: “எம்கேடிர் /எஸ்ஆர்வி/படங்கள்: ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்”. ஒரு காணொளியில் சொன்னபடி ‘ஆப்ட் இன்ஸ்டால் டாக்கர்.ஐஓ’ (ஆப்ட் என்பது உபுண்டுவின் வழக்கமான நிறுவும் கருவி) கொடுத்தேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது. நான்கு நாள் நன்றாக ஓடியது.

இன்று மின்சாரம் போய் வந்தது. கணினி எழுந்ததும் ‘டாக்கர் பிஎஸ் -ஏ’ போட்டால் என் கன்டெய்னர்கள் ஒன்றுகூட இல்லை. போன வாரம் சோதனைக்கு ஓட்டிய ‘ஹலோ வேர்ல்டு’ மட்டும் பல்லைக் காட்டுகிறது. மறுபடி கிளப்பப் பார்த்தால் அதே ரீட்-ஒன்லி பிழை. தரவு போய்விட்டதா?

(கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், படிப்பவர்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.)

#2 கம்பிவடம் (இரவு 10:52)

மின்சாரம் போனது, ரீட்-ஒன்லி என்கிறது. வன்தட்டு போகிற அறிகுறி. கோப்பு முறைமையில் பிழை கண்டால் கர்னல் அதை ரீட்-ஒன்லியாக மாற்றிவிடும். ‘டிமெசேஜ்’ (கர்னலின் பதிவு) பாருங்கள். யூஎஸ்பியில் பூட் செய்து ‘எஃப்எஸ்சிகே’ (கோப்பு முறைமையைச் சோதிக்கும் கருவி) ஓட்டுங்கள். முக்கியமான கோப்புகளை இப்போதே நகல் எடுங்கள்.

#3 மடிக்கணினிவாசி (இரவு 11:15)

டிமெசேஜில் சிவப்பாக ஒன்றுமில்லை. /எஸ்ஆர்வி/படங்கள் உள்ளே போய் ‘டச் சோதனை’ கொடுத்தேன், கோப்பு உருவாகிறது. அழிக்கவும் முடிகிறது. டாக்கருக்கு மட்டும் ரீட்-ஒன்லி, எனக்கு இல்லை. இது எப்படி?

#4 கம்பிவடம் (இரவு 11:18)

அப்படியானால் வன்தட்டு இல்லை. பயமுறுத்தியதற்கு மன்னிக்கவும். நகல் எடுப்பது எப்படியும் நல்லதுதான்.

#5 பழைய_முனையம் (இரவு 11:41)

தம்பி, எதையும் அழிக்காதீர்கள், எதையும் மறுபடி நிறுவாதீர்கள். இரண்டு கட்டளை மட்டும் போட்டு வெளியீட்டை இங்கே ஒட்டுங்கள்.

முதலாவது ‘டாக்கர் இன்ஃபோ’. அதில் ‘டாக்கர் ரூட் டிர்’ என்று ஒரு வரி வரும், அது மட்டும் போதும். இரண்டாவது ‘ஸ்னாப் லிஸ்ட்’. ஆப்ட் தவிர உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் இன்னொரு வழிதான் ஸ்னாப்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

#6 மடிக்கணினிவாசி (இரவு 11:47)

டாக்கர் ரூட் டிர்: /வார்/ஸ்னாப்/டாக்கர்/காமன்/வார்-லிப்-டாக்கர்

ஸ்னாப் பட்டியலில் ‘கோர்’, ‘எல்எக்ஸ்டி’யோடு ‘டாக்கர்’ என்றும் ஒன்று இருக்கிறது. நான் ஸ்னாப்பில் டாக்கர் நிறுவவே இல்லையே!

#7 பழைய_முனையம் (நள்ளிரவு 12:20)

நிறுவினீர்கள், நினைவில்லை. உபுண்டு சர்வரை நிறுவும்போது கடைசிக்கு முன் ஒரு திரையில் பிரபலமான ஸ்னாப்களின் பட்டியல் வரும். அதில் டாக்கருக்கு எதிரே ஸ்பேஸ் தட்டி நட்சத்திரம் போட்டிருப்பீர்கள். “எப்படியும் வேண்டியதுதானே” என்று நானும் ஒருமுறை போட்டவன்தான்.

நடந்தது இதுதான். உங்கள் கணினியில் இப்போது இரண்டு டாக்கர் டீமன்கள் (பின்னணியில் ஓடும் சேவைகள்) இருக்கின்றன. ஒன்று ஸ்னாப் வழியாக வந்தது, அதன் இமேஜ் (கன்டெய்னரின் அச்சு), வால்யூம் (தரவு வைக்கும் இடம்) எல்லாம் /வார்/ஸ்னாப் கீழே கிடக்கும். மற்றது ஆப்ட் வழியாக வந்தது, அதன் சரக்கு /வார்/லிப்/டாக்கர் கீழே. நீங்கள் தட்டும் ‘டாக்கர்’ என்ற கட்டளை ஒரு தூதுவன் மட்டுமே. அது /வார்/ரன்/டாக்கர்.சாக் என்ற சாக்கெட்டைத் தட்டும், கதவைத் திறப்பது எந்த டீமனோ அதனுடன் பேசும். இரண்டு டீமன்களும் அதே பெயரில்தான் சாக்கெட் வைக்கின்றன. பிந்தி எழுந்தது முந்தையதன் சாக்கெட்டை நீக்கிவிட்டுத் தன்னுடையதை வைத்துக்கொள்ளும்.

போன வாரம் நீங்கள் ஆப்ட் டாக்கரை நிறுவியபோது அது பிந்தி எழுந்தது, கதவு அதன் கையில். இன்று பூட் ஆனபோது ஸ்னாப் பிந்தி எழுந்தது. கன்டெய்னர்கள் எங்கும் போகவில்லை, நீங்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ரீட்-ஒன்லி பிழைக்கும் காரணம் இதுவே. ஸ்னாப் மென்பொருள் ஒரு வேலிக்குள் ஓடும். அதன் கண்ணுக்குத் தெரியும் ‘/’ உங்கள் வன்தட்டின் ‘/’ இல்லை, ஸ்னாப்பின் அடிப்படைத் தொகுப்பு, அதில் எழுத முடியாது. உங்கள் ஹோம் அடைவு அதற்குத் தெரியும், /எஸ்ஆர்வி தெரியாது. தெரியாத அடைவை உருவாக்கப் பார்த்து, முடியாமல் “ரீட்-ஒன்லி” என்று புலம்புகிறது. இந்தப் பிழையைப் பார்த்துவிட்டு வன்தட்டை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

உறுதி செய்ய ‘டாக்கர் வெர்ஷன்’ கொடுங்கள் (முன்னால் இரட்டைக் கோடு இல்லாமல்). கிளையன்ட் ஒரு பதிப்பும் சர்வர் வேறு பதிப்பும் காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

#8 மடிக்கணினிவாசி (நள்ளிரவு 12:31)

காட்டுகிறது அண்ணே! மேலே ஒன்று, கீழே வேறொன்று. உயிர் வந்தது. ஸ்னாப்பை நீக்கிவிடலாமா?

#9 பழைய_முனையம் (நள்ளிரவு 12:38)

பொறுங்கள். ஸ்னாப் டாக்கரில் காப்பாற்ற வேண்டியது ஏதாவது இருக்கிறதா? ‘டாக்கர் வால்யூம் லிஸ்ட்’ பார்த்துச் சொல்லுங்கள். நான் தூங்கப் போகிறேன், காலையில் பார்க்கிறேன்.

#10 நெய்தல்_நிரல் (காலை 7:05)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், என் சிக்கலும் நிறுவுவதில்தான். லினக்ஸ் மின்ட் 22. டாக்கரின் அதிகாரப்பூர்வ ரெப்போவை (பேக்கேஜ் களஞ்சியம்) சேர்க்கிறேன். ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்தால் “...வில்மா... டஸ் நாட் ஹாவ் எ ரிலீஸ் ஃபைல்” என்று நிற்கிறது. ஏதோ ஒரு வலைப்பதிவிலிருந்து அப்படியே ஒட்டினேன்.

#11 ஊசிநூல் (காலை 7:30)

அந்த வலைப்பதிவு உபுண்டுக்கு எழுதியது. அதில் ‘வெர்ஷன்_கோட்நேம்’ என்ற மாறியை எடுத்து ரெப்போ வரியில் செருகுவார்கள். மின்டில் அந்த மாறி மின்டின் சொந்தப் பெயரைத் தரும். டாக்கர் ரெப்போவில் ‘வில்மா’ என்று ஓர் அடைவே கிடையாது. மின்ட் 22-இன் அடித்தளம் உபுண்டு 24.04, அதன் பெயர் ‘நோபிள்’. /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைத் திறந்து பாருங்கள், ‘உபுண்டு_கோட்நேம்’ என்று தனி வரி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

/ஈடிசி/ஆப்ட்/சோர்ஸஸ்.லிஸ்ட்.டி உள்ளே நீங்கள் ஏற்கெனவே உருவாக்கிய கோப்பில் ‘வில்மா’வை ‘நோபிள்’ ஆக்கினால் போதும். அந்த வலைப்பதிவு ‘ஆப்ட்-கீ ஆட்’ என்று சொல்லியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், பழைய வழி அது. ரெப்போவின் கையொப்பச் சாவியை இப்போது /ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ் உள்ளே வைத்து, ரெப்போ வரியில் ‘சைன்டு-பை’ என்று சுட்டுகிறார்கள்.

#12 நெய்தல்_நிரல் (காலை 7:44)

ஒரு சொல்லை மாற்றினேன், ஓடிவிட்டது. இரண்டு மணி நேரம் விழித்திருந்தது இதற்கா! நன்றி.

#13 மடிக்கணினிவாசி (காலை 8:10)

ஸ்னாப் பக்கம் ஒரு வால்யூம் இருக்கிறது. போன வாரம் முதல் முயற்சியில் /எஸ்ஆர்வி பிழை வந்ததும், வால்யூம் ஒன்றில் போஸ்ட்கிரெஸை ஓட்டி, கொஞ்சம் தரவு ஏற்றிவிட்டுக் கன்டெய்னரை மட்டும் நீக்கியிருந்தேன். மறந்தே போனேன். அது எனக்கு வேண்டும்.

#14 பழைய_முனையம் (காலை 9:25)

பார்த்தீர்களா, அதற்குத்தான் பொறுக்கச் சொன்னேன்.

முதலில் ஆப்ட் பக்கம் இருப்பதைக் காப்பாற்றுவோம். டாக்கர்.ஐஓ-வை ‘ஆப்ட் ரிமூவ்’ கொடுத்து எடுங்கள், ‘பர்ஜ்’ வேண்டாம். ரிமூவ் கொடுத்தால் /வார்/லிப்/டாக்கர் அப்படியே இருக்கும், அடுத்து நிறுவும் டாக்கர் அதை எடுத்துக்கொள்ளும். ஆனாலும் டீமன் நின்ற பிறகு அந்த அடைவை டாரில் கட்டி வேறு தட்டில் ஒரு நகல் வையுங்கள்.

பிறகு ‘ஸ்னாப் ரீஸ்டார்ட் டாக்கர்’. அந்த வால்யூமோடு போஸ்ட்கிரெஸ் கன்டெய்னர் ஒன்றைக் கிளப்பி, ‘டாக்கர் எக்ஸெக்’ வழியாக ‘பிஜி_டம்ப்ஆல்’ ஓட்டி, வெளியீட்டை உங்கள் ஹோம் அடைவில் ஒரு கோப்பாகச் சேமியுங்கள். இங்கே ‘-டி’ (-t) கொடியைச் சேர்க்காதீர்கள். அது போலி முனையம் ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை நுழைத்துவிடும். மீட்டெடுக்கும் நாளில்தான் தெரியும். டம்ப் கோப்பின் தலையையும் வாலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கடைசியில் டம்ப் முடிந்தது என்ற குறிப்பு வரி இருக்க வேண்டும்.

அதெல்லாம் கையில் வந்த பிறகு ‘ஸ்னாப் ரிமூவ் டாக்கர்’.

#15 மடிக்கணினிவாசி (காலை 10:50)

டம்ப் எடுத்தாயிற்று, திறந்தும் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஸ்னாப் ரிமூவ் கொடுத்து இருபது நிமிடம் ஆகிறது. “சேவ் டேட்டா ஆஃப் ஸ்னாப் டாக்கர்” என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. தொங்கிவிட்டதா?

#16 ஊசிநூல் (காலை 10:58)

தொங்கவில்லை. ஸ்னாப்பை நீக்கும்போது அதன் தரவை ஒரு ஸ்னாப்ஷாட்டாகச் சுருட்டி வைக்கும். டாக்கர் இமேஜ்கள் அத்தனையையும் சுருட்டுகிறது, அதனால் நேரம் எடுக்கும். டம்ப் கையில் இருப்பதால் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்திவிட்டு ‘--பர்ஜ்’ சேர்த்து மறுபடி கொடுங்கள். ஸ்னாப்ஷாட் எடுக்காமல் நீக்கும். டம்ப் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு பர்ஜ் போட வேண்டாம்!

#17 இணைச்செயல் (காலை 11:20)

இவ்வளவு பாடு எதற்கு? டாக்கருக்கு மாற்றான பாட்மேன் போடுங்கள். டீமனே கிடையாது, சாக்கெட் சண்டையும் கிடையாது. ரூட் (நிர்வாகி) உரிமை இல்லாமல் உங்கள் சொந்தப் பயனர் கணக்கிலேயே ஓடும். ரெட் ஹாட் 2019-இல் தன் லினக்ஸான ஆர்ஹெச்இஎல் 8 வெளியிட்டபோதே டாக்கர் பேக்கேஜை எடுத்துவிட்டுப் பாட்மேனை வைத்தார்கள். கட்டளைகளும் பெரும்பாலும் அதேதான்.

#18 பழைய_முனையம் (காலை 11:46)

பாட்மேன் நல்ல கருவி, என் ஃபெடோரா கணினியில் அதுதான். ஆனால் “அதேதான்” என்று சொல்லிப் புதியவரை அனுப்பினால் மூன்று இடத்தில் முட்டுவார். ஒன்று, வெறும் ‘போஸ்ட்கிரெஸ்’ என்று சொன்னால் எந்தக் களஞ்சியத்திலிருந்து என்று கேட்கும் அல்லது மறுக்கும், ‘டாக்கர்.ஐஓ/லைப்ரரி/போஸ்ட்கிரெஸ்’ என்று முழுப்பெயர் கொடுப்பது நல்லது. இரண்டு, ரூட் இல்லாமல் ஓடும் கன்டெய்னர் நீங்கள் லாக்அவுட் செய்ததும் செத்துப்போகும். ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ கொடுக்க வேண்டும், பூட் ஆனதும் தானாகக் கிளம்ப சிஸ்டம்டி யூனிட்டும் எழுத வேண்டும். மூன்று, 1024-க்குக் கீழான போர்ட் கிடைக்காது, 80 வேண்டுமென்றால் கர்னல் அமைப்பில் கைவைக்க வேண்டும்.

இவருக்கு டாக்கர் கம்போஸ் கோப்பு (பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் அமைப்புக் கோப்பு) ஒன்று தயாராக இருக்கிறது. அது ஓடட்டும். பாட்மேனை அடுத்த மழைநாளில் விளையாடிப் பார்க்கட்டும்.

#19 இணைச்செயல் (காலை 11:52)

மூன்றாவதும் இரண்டாவதும் ரூட்லெஸ் டாக்கருக்கும் உண்டு, பாட்மேன் குறை இல்லை. ஆனால் சரி, கம்போஸ் வாதத்தை ஏற்கிறேன்.

#20 கோப்புறை (மதியம் 12:15)

ஒரு கிளைக்கேள்வி. எல்லாரும் ‘டாக்கர்.ஐஓ’ என்கிறீர்கள், சிலர் ‘டாக்கர்-சிஇ’ என்கிறார்கள், #18-இல் இமேஜ் பெயரிலும் டாக்கர்.ஐஓ வருகிறது. நேரடியாக ‘ஆப்ட் இன்ஸ்டால் டாக்கர்’ என்று ஏன் இல்லை?

#21 பழைய_முனையம் (மதியம் 12:40)

டாக்கர் 2013-இல் வெளியானபோது டெபியனிலும் உபுண்டுவிலும் ‘டாக்கர்’ என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு பேக்கேஜ் இருந்தது. பழைய டெஸ்க்டாப்களில் சின்னச் சின்ன ஐகான்களை ஓர் ஓரத்தில் அடுக்கி வைக்கும் கருவி. கன்டெய்னருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பெயர் போய்விட்டதால், அப்போதைய வலைத்தள முகவரியையே பேக்கேஜ் பெயராக வைத்தார்கள். இமேஜ் பெயரில் வரும் டாக்கர்.ஐஓ, டாக்கர் ஹப் களஞ்சியத்தின் முகவரி. எழுத்து ஒன்று, பொருள் இரண்டு.

‘டாக்கர்.ஐஓ’ என்பது டெபியன், உபுண்டு ஆட்கள் கட்டித் தரும் பேக்கேஜ். ‘டாக்கர்-சிஇ’ டாக்கர் நிறுவனமே தன் ரெப்போவில் தருவது. இரண்டும் ஒரே மென்பொருள்தான், கட்டுகிற கை வேறு.

#22 ஊசிநூல் (மதியம் 1:05)

எந்தக் கையை நம்பினாலும் சரி, ஒன்றை மட்டும் வையுங்கள். எனக்கு டாக்கர்.ஐஓ போதும் என்பதே கருத்து. உபுண்டு 24.04-இல் ‘டாக்கர்-கம்போஸ்-வி2’ பேக்கேஜும் உண்டு. வெளி ரெப்போ, வெளிச் சாவி, எதுவும் வேண்டாம். புதிய பதிப்பு வந்த அன்றே வேண்டும் என்பவர்கள் சிஇ போடலாம். போடுவதற்கு முன் டாக்கர்.ஐஓ, கன்டெய்னர்டி, ரன்சி, பாட்மேன்-டாக்கர் இவற்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மோதும்.

நடுவில் கோடு போட்ட ‘டாக்கர்-கம்போஸ்’ என்ற பழைய பைத்தான் கருவியைத் தேடி ஓடாதீர்கள். 2023-உடன் அதன் கதை முடிந்தது. இப்போது நடுவில் இடைவெளி விட்டு ‘டாக்கர் கம்போஸ்’.

#23 மடிக்கணினிவாசி (மதியம் 3:30)

ஸ்னாப் போயே போய்விட்டது. டாக்கர்-சிஇ நிறுவினேன். ஆனால் ‘டாக்கர் பிஎஸ்’ கொடுத்தால் “/ஸ்னாப்/பின்/டாக்கர்: நோ சச் ஃபைல்” என்கிறது! பேய் போகவில்லையா?

#24 ஊசிநூல் (மதியம் 3:33)

கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் பழைய பாதையை நினைவில் வைத்திருக்கிறது. ‘ஹாஷ் -ஆர்’ தட்டுங்கள், அல்லது வெளியேறி உள்ளே வாருங்கள்.

#25 மடிக்கணினிவாசி (மதியம் 3:39)

போய்விட்டது. அடுத்தது வந்துவிட்டது: “பெர்மிஷன் டினைடு... டாக்கர்.சாக்”. சூடோ (நிர்வாகி உரிமை) போட்டால் ஓடுகிறது.

#26 கம்பிவடம் (மதியம் 3:45)

‘சூடோ சிஹெச்மோட் 666 /வார்/ரன்/டாக்கர்.சாக்’. நான் எப்போதும் இதுதான் செய்வேன், ஒரே வரி.

#27 பழைய_முனையம் (மதியம் 4:02)

கம்பிவடம், தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், பிறருக்கும் சொல்லாதீர்கள். அந்த சாக்கெட்டில் பேச முடிந்தவர் அந்தக் கணினியின் ரூட். ‘டாக்கர் ரன்’ கட்டளையில் ‘-வி /:/ஹோஸ்ட்’ என்று ஒரு துண்டு சேர்த்தால், கன்டெய்னருக்குள் ரூட்டாக உட்கார்ந்து முழு வன்தட்டையும் திறக்கலாம், கடவுச்சொல் கோப்பு உட்பட. 666 போட்டால் கணினியில் ஓடும் எந்தக் கணக்குக்கும் அந்த அதிகாரம் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, அடுத்த ரீபூட்டில் சாக்கெட் புதிதாக உருவாகும், உங்கள் 666 போய்விடும், மறுபடி போடுவீர்கள்.

மடிக்கணினிவாசி, ‘சூடோ யூசர்மோட் -ஏஜி டாக்கர் உங்கள்_பயனர்பெயர்’ கொடுங்கள். அந்த ‘ஏ’ முக்கியம். விட்டுவிட்டால் நீங்கள் இருக்கும் மற்றக் குழுக்களிலிருந்து, சூடோ குழு உட்பட, தூக்கிவிடும். பிறகு முழுவதும் லாக்அவுட் செய்து வாருங்கள். டாக்கர் குழுவும் ரூட்டுக்குச் சமம்தான், ஆனால் நீங்கள் தேர்ந்த ஓர் ஆளுக்கு மட்டும். அதுவும் வேண்டாம் என்றால் சூடோவோடே வாழலாம், பாவமில்லை.

#28 கம்பிவடம் (மதியம் 4:10)

இத்தனை நாள் கதவைத் திறந்து வைத்தா தூங்கினேன்... சரி, மாற்றிவிட்டேன்.

#29 ஊசிநூல் (மதியம் 4:35)

கதவு என்றதும் நினைவுக்கு வந்தது. மடிக்கணினிவாசி, போஸ்ட்கிரெஸ் போர்ட்டை ‘5432:5432’ என்றா கொடுத்திருக்கிறீர்கள்? யூஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் தீச்சுவர்) தடுக்கும் என்ற நம்பிக்கையிலா?

தடுக்காது. நான் பட்ட பாடு சொல்கிறேன். வாடகை சர்வர் ஒன்றில் சோதனைக்கு டாக்கரில் ரெடிஸ் தரவுத்தளம் ஓட்டினேன், கடவுச்சொல் இல்லை, போர்ட் 6379. யூஎஃப்டபிள்யூவில் உள்ளே வருவதெல்லாம் தடை, எஸ்எஸ்ஹெச் மட்டும் அனுமதி. நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் சிபியூ நூறில் நிற்கிறது, யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ‘யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்’ அப்போதும் “எல்லாம் தடை” என்றே காட்டியது!

காரணம் எளிது. யூஎஃப்டபிள்யூவின் தடை, இந்தக் கணினிக்கே வரும் பாக்கெட்டுகளுக்கானது, ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் பாக்கெட் வடிகட்டி விதிகள்) ‘இன்புட்’ சங்கிலி. டாக்கர் அதற்கு முன்னாலேயே பாக்கெட்டின் முகவரியை மாற்றிக் கன்டெய்னர் பக்கம் திருப்பிவிடுகிறது. அது ‘ஃபார்வர்டு’ சங்கிலி வழியாகப் போகும். காவலாளி முன்வாசலில் நிற்கிறார், வண்டி பக்கவாசலில் போகிறது.

வெளியில் யாருக்கும் தேவையில்லை என்றால் ‘127.0.0.1:5432:5432’ என்று எழுதுங்கள். ஒரே கம்போஸ் கோப்பில் இருக்கும் மற்றக் கன்டெய்னருக்கு மட்டும்தான் என்றால் ‘போர்ட்ஸ்’ வரியே வேண்டாம், உள்வலையில் பெயர் சொல்லியே பேசிக்கொள்ளும். வெளியிலிருந்து சிலருக்கு மட்டும் என்றால் ‘டாக்கர்-யூசர்’ சங்கிலியில் விதி எழுத வேண்டும்.

#30 மடிக்கணினிவாசி (மாலை 5:20)

5432:5432 என்றுதான் இருந்தது. வரியையே எடுத்துவிட்டேன். புகைப்பட மென்பொருள் வழக்கம்போல் ஓடுகிறது.

#31 நெய்தல்_நிரல் (மாலை 6:02)

நானும் இதைப் படித்துவிட்டு மாற்றினேன். இன்னொன்று கேட்கலாமா? ஃபெடோராவில் என் தோழிக்கு அடைவைக் கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்தால் (இணைத்தால்) “பெர்மிஷன் டினைடு” வருகிறது, உரிமையெல்லாம் சரியாக இருந்தும்.

#32 இணைச்செயல் (மாலை 6:09)

எஸ்இலினக்ஸ், ஃபெடோராவின் கூடுதல் பாதுகாப்புக் காவல். மவுண்ட் வரியின் கடைசியில் ‘:இசட்’ சேர்க்கச் சொல்லுங்கள், பெரிய எழுத்தில் இருந்தால் அந்த ஒரு கன்டெய்னருக்கு மட்டும், சின்ன எழுத்தில் இருந்தால் பல கன்டெய்னர்கள் பகிரலாம். முழு ஹோம் அடைவுக்கும் போட்டுவிட வேண்டாம், லேபிள்கள் மாறி வேறு நிரல்கள் அழும். எஸ்இலினக்ஸை அணைக்கச் சொல்லும் வலைப்பதிவை மூடிவிடுங்கள்.

#33 மடிக்கணினிவாசி (இரவு 9:15)

இறுதி நிலவரம். டம்பை மீட்டெடுத்தாயிற்று. பழைய கன்டெய்னர்கள் /வார்/லிப்/டாக்கரிலிருந்து அப்படியே எழுந்து வந்தன. /எஸ்ஆர்வி/படங்கள் மவுண்ட் ஆகிறது. மூன்று முறை ரீபூட் செய்து, ஒவ்வொரு முறையும் ‘டாக்கர் இன்ஃபோ’வில் ரூட் டிர் வரியைப் பார்த்தேன். மூன்று முறையும் /வார்/லிப்/டாக்கர்.

#34 பழைய_முனையம் (இரவு 9:40)

நன்று. ஒரு சின்ன வேலை பாக்கி. /ஈடிசி/டாக்கர்/டீமன்.ஜேசன் கோப்பில் ‘மேக்ஸ்-சைஸ்’ 10எம், ‘மேக்ஸ்-ஃபைல்’ 3 என்று லாக் அளவைக் கட்டிவிடுங்கள். இயல்பாக அதற்கு வரம்பே இல்லை, மடிக்கணினித் தட்டு சின்னது. கோப்பை மாற்றியதும் டீமனை மறுபடி கிளப்புங்கள். ஏற்கெனவே இருக்கும் கன்டெய்னர்களுக்கு இது பொருந்தாது, அவற்றை நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டும்.

#35 மடிக்கணினிவாசி (இரவு 10:05)

‘கம்போஸ் டவுன்’, ‘கம்போஸ் அப் -டி’ கொடுத்தேன். டவுனில் ‘-வி’ சேர்க்கவில்லை அண்ணே, வால்யூமும் சேர்ந்து போய்விடும் என்று இந்த முறை முன்னாலேயே படித்துவிட்டேன்.